ஓடக்காரிக்கு அம்மா கொடுத்த குரல்

நெய்வேலி
20-5-2012, ஞாயிறு

அன்பு மகள் இசைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை எழில்மதி மூன்று பேரும் உடம்பிலும் மனதிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி வந்தால் இன்னும் நிம்மதி. முந்தாநாள் வெள்ளிக்கிழமை போனில் அம்மா "இசை கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்டதும் நீ அழுதுவிட்டாய், நான் போனை வாங்கியதும் "அம்மா எப்படிப்பா பேசுது, இன்னா நடந்துச்சு, சொல்லுப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லையம்மா அது, எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, இன்றைக்கு எனக்கு வார லீவு, அம்மாவும் எழிலும் மெயின் பஜாருக்குப் போயிருக்கிறார்கள், வீடு அமைதியாக இருக்கிறது, உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீளமாக வரும், டூட்டிக்கு நடுவில் பிரித்துப் படிக்காதே, ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். போன ஆகஸ்டில் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னோம், அது உண்மைதான். கொஞ்ச நாளைக்குக் குரல் கட்டியிருக்கும் என்று சொன்னோம், அதுதான் முழு உண்மை இல்லை. குரல் கட்டவில்லை, மாறியே போய்விட்டது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி கரகரவென்று, பாதி வார்த்தையில் உடைந்து, தடித்த குரலாக வந்தது. டாக்டரிடம் கேட்டோம், குரல்நாண் இரண்டில் ஒன்று சோர்ந்திருக்கிறது, இப்படி ஆகலாம் என்று முன்பே சொன்னேனே, பேசப் பேசத்தான் பலம் வரும், தினமும் அரைமணி நேரம் எதையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்றார். ஆனால் நம் அம்மாவைத் தெரியாதா உனக்கு, எதிர் வரிசை குவார்ட்டர்ஸில் இருப்பவர்களை இங்கிருந்தே கூப்பிட்டுப் பேசுகிறவள், ஷிப்ட் பஸ் திருப்பத்தில் வரும்போதே "யோவ், டிபன் பாக்ஸு" என்று என்னை நிறுத்துகிறவள். அவள் ரேஷன் கடை வரிசையில் ஏதோ கேட்டதற்கு, முன்னால் நின்ற ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து "யாரோ ஆம்பள பேசுதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அன்றோடு அம்மா வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் கையை ஆட்டிப் பேசினாள், கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள், டாக்டர் சொன்ன பயிற்சிக்குத் தினத்தந்தியை எடுத்து நீட்டினால் அதில் வெங்காயம் மடித்து வைத்தாள். நீ போன் செய்தபோதெல்லாம் கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று நாங்கள் சொன்னது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், உன் குரல் கேட்க ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டுவாள். நீ நர்ஸ், சந்தேகப்பட்டிருப்பாய், ஆனாலும் எங்களை மேலே கேட்டு வதைக்காமல் இருந்தாயே, அதற்கும் சேர்த்து உனக்கு நன்றி சொல்கிறேன்.

டிசம்பர் முப்பதாம் தேதி 'தானே' என்று பெயர் வைத்த அந்தப் புயல் அடித்ததைப் பற்றி அப்போதே சொன்னேன். நம் பிளாக்கில் ரோடு எது வீடு எது என்று தெரியாத அளவுக்கு மரங்கள் விழுந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நம் டவுன்ஷிப்பில் கரண்ட் இல்லை. பரண் பக்கம் ஓடு உடைந்து தண்ணீர் இறங்கியதால் மேலே இருந்த உன் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரம், கவலைப்படாதே, ஆனால் நீ ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்குப் பரிசாக வாங்கினாயே அந்தப் படகுக் கதைப் புத்தகம், அது ஊறிப்போய்விட்டது. எழில்மதி அழாத குறையாக அதை நாலு நாலு பக்கமாகப் பிரித்து, துணிக்கொடியில் கிளிப் போட்டு உலர்த்தினாள். உலர்த்துகிறவள் சும்மா இருக்கவில்லை, நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் இல்லை, டிவி இல்லை, நானும் மரம் வெட்டிப் போட்ட களைப்பில் மத்தியானம் வாசலில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். "யப்பா, சத்தமா படிக்கட்டா?" என்று கேட்டாள். படி, தூக்கம் வரும் என்றேன். தூக்கம் வரவில்லை.

உனக்குக் கதை மறந்திருக்காது. கலங்கரை விளக்கக் காவல்காரர் புயலில் தீவுக்குள் மாட்டிக்கொள்ள, அவருடைய பிள்ளைகள் கயலும் அவள் தம்பியும் அப்பாவைக் கூட்டிவரக் கிளம்புகிறார்கள், ஊரில் ஒருவரும் படகு எடுக்க மாட்டேன் என்கிறார்கள், கடைசியில் ஊரே பயப்படுகிற அந்த ஓடக்காரி வஞ்சியம்மாதான் வருகிறாள். நமக்கும் வெளியே புயல் அடித்து ஓய்ந்த நேரம், கேட்கவா வேண்டும். மூன்றாம் நாள் எனக்கு மைன்ஸில் செகண்ட் ஷிப்ட். சுரங்கத்துக்குள் தண்ணீர் இறங்கி, கன்வேயர் பெல்ட் பக்கம் எல்லாருக்கும் வேலை இடுப்பை ஒடிக்கிறது, எனக்கோ ஓடம் நடுக்கடலில் நிற்கிறது. என்ன செய்தேன் தெரியுமா, நம் ஜெயராமனைப் பிடித்து, நீ செகண்ட் ஷிப்ட் போ, நான் உனக்குப் பதில் காலை ஷிப்ட் பார்க்கிறேன் என்று மாற்றிக்கொண்டேன். "வூட்ல ஏதாவது விசேஷமாண்ணே?" என்று அவன் கேட்டான். ஆமாம்பா, அவசரம் என்றேன். பதினாலு வருஷம் கான்ட்ராக்டிலும் அதன்பிறகு பர்மனன்டிலும் ஒருநாள் இப்படி மாற்றியதில்லை நான், ஒரு பிள்ளைகள் கதைக்காக மாற்றினேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கயல், தம்பி பேச்சை எழில் நன்றாகப் படித்தாள், வஞ்சியம்மா பேசும் இடம் வந்தால் மட்டும் சரிவரவில்லை, கிளிக்குஞ்சு அதட்டுவது போல் இருந்தது. அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதே, காற்றோடு கத்திக் கத்தியே கரடுதட்டிப் போன குரல் என்று. நான் படிக்கிறேன் கொடு என்று வாங்கி "ஏறுங்கடா, ஓடம் போகுது!" என்று ஒரு கத்து கத்தினேன். எழில் விழுந்து விழுந்து சிரித்தாள், மாடு கத்துற மாதிரி இருக்குதுப்பா என்றாள். அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு குரல், "அவ அப்படியா கத்துவா? காத்தோட பேசிப் பழகினவ, அடிவயித்துலேர்ந்து இழுத்து வுடுவா" என்று சொல்லிவிட்டு, "ஏறுங்கடா... ஓடம் போகுது!" என்று வந்ததே ஒரு சத்தம், கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. நான் எழிலைப் பார்க்கிறேன், எழில் என்னைப் பார்க்கிறாள். நாலு மாதமாக எங்கள் காதில் விழாத குரல். அம்மாவுக்கே அப்போதுதான் உறைத்தது போல, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்து போய் ஏதாவது சொல்லியிருப்பேன், காரியம் கெட்டிருக்கும். உன் தங்கை புத்திசாலி, ஒன்றுமே நடக்காதது போல் அந்தப் பக்கத்தைக் கொடியிலிருந்து உருவிக் கொண்டுபோய் அம்மா முன்னால் நீட்டி, "அடுத்த வரியும் அவங்கதும்மா" என்றாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். படித்தாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, ஓர் இடத்தில் காற்று மட்டும் வந்தது, நின்று மூச்சு வாங்கி அதே வரியைத் திரும்பப் படித்தாள். வஞ்சியம்மா அப்படித்தான் பேசியிருப்பாள், நான் சத்தியம் செய்வேன், அந்தப் புத்தகம் எழுதியவரே கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

மறுநாள் எங்களுக்கு முன்பே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் கரண்ட் வந்தது, தெருவே ஓவென்று கத்தியது, எழில் ஓடிப்போய் டிவியைப் போட்டாள். அம்மா எழுந்து போய் அதை அணைத்துவிட்டு, "ஓடம் பாறையில மோதிக்கினு கெடக்குது, இப்ப இன்னா டிவி உனக்கு?" என்றாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் செந்தாமரை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் மெல்ல வந்து வாசற்படியில் உட்கார்ந்தன. அதைப் பார்த்து இன்னும் நாலு, பொங்கலுக்குள் பதினோரு பிள்ளைகள், நம் ஹாலில் கால் நீட்ட இடமில்லை. பனிமூட்டத்தில் விளக்கு அணைந்து போய், அப்பாவின் படகுக்கு வழி தெரியாமல், வஞ்சியம்மா தன் கரகரத்த குரலால் விடாமல் கூவிக் கூவியே அவரைக் கரைசேர்க்கிறாளே, அந்தக் கடைசி அத்தியாயத்தை அம்மா ஒருத்தியே படித்தாள். முடித்ததும் செந்தாமரையின் சின்னது, ஐந்து வயசு, அதுதான் முதலில் பேசியது, "திரும்ப முதல்லேர்ந்து படிங்க அத்த" என்றது. படித்தோம். அப்புறம் அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த வேறு கதைகளும் படித்தோம், ஆனால் ராஜாவானாலும் நரியானாலும் அவர்கள் கேட்பது வஞ்சியம்மாவைத்தான்.

ஆனாலும் வாசலைத் தாண்டினால் அம்மா பழையபடி வாயே திறக்க மாட்டாள். உன்னிடம் பேசச் சொன்னாலும் கையை எடுத்துக் கும்பிட்டாள், புள்ள பயந்துபூடும் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. இப்படியே ஏப்ரல் வந்தது. நம் பிளாக் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறாரே தெய்வசிகாமணி சார், சுரங்கத்தில் பிட்டராக இருந்து ரிட்டயரானவர், அவர் வீட்டுக்கு வந்தார். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு கதை விழா வைக்கிறோம், அந்தப் படகுக் கதை நான் டிராயர் போட்ட காலத்தில் படித்தது, உங்கள் வீட்டுத் தனம் அம்மா மேடையில் வஞ்சியம்மாவாகப் படிக்க வேண்டும், மைக் உண்டு, இருநூறு பிள்ளைகள் வருவார்கள் என்றார். அம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். அவர் போனபிறகு என்னிடம், "நாலு சுவத்துக்குள்ள படிக்கறது வேற. மைக்ல போனா என் தொண்டையில இருக்கற ஓட்டை ஒடசல் எல்லாம் ஊருக்கே கேக்கும். நான் மாட்டேன்" என்றாள். எழில் மட்டும் கயல் பாத்திரத்துக்குப் போய்வந்தாள். வஞ்சியம்மாவுக்கு நல்ல இனிமையான குரலுள்ள ஒரு காலேஜ் பெண்ணைப் போட்டார்கள். விழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை ஒத்திகை. அந்தப் பெண் பாவம், நன்றாகத்தான் படித்ததாம், நம் ஹாலில் வளர்ந்த பதினோரு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு "இது வஞ்சியம்மா இல்ல, இது வஞ்சியம்மா இல்ல" என்று ஒரே அமளி. செந்தாமரையின் சின்னது அழுதுகொண்டு நேராக நம் வீட்டுக்கு ஓடி வந்து, "அத்த, வேற யாரோ உங்க ஓடத்த ஓட்டறாங்க" என்று புகார் சொன்னது. அம்மா அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கட்டியிருந்த சேலையோடு, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு நடந்துவிட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

விழா போன ஞாயிறு சாயங்காலம், பதின்மூன்றாம் தேதி. பச்சைச் சேலை கட்டி, ஓடக்காரி மாதிரி தலையில் ஒரு துண்டை முடிந்துகொண்டு மேடைக்குப் போனாள், கையில் அந்த உலர்த்திய புத்தகம், பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கின்றன. கூடம் நிறைந்து ஜன்னலிலும் பிள்ளைகள். மைக் முன்னால் முதல் வரியைத் தொடங்கினாள், அவள் பயந்தது போலவே குரல் நடுவில் இரண்டாகப் பிளந்து ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பின்வரிசையில் பெரிய பையன்கள் கொஞ்சம் பேர் கொல்லென்று சிரித்தார்கள். கூடம் முழுவதும் அந்தச் சிரிப்பு பரவப் பார்த்தது. எனக்கு ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வந்தது, மேடைக்குப் போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று எழுந்தே விட்டேன். அம்மா புத்தகத்தைக் கீழே இறக்கினாள். பின்வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, "யாருடா அங்க சிரிக்கறது? சிரிச்சவன் மொதல்ல ஏறு ஓடத்துல! நடுக்கடல்ல எறக்கி வுடறேன், அலையப் பாத்து அங்க சிரி!" என்றாள். அடுத்த கணம் கூடம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டல், அந்தப் பையன்கள்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். பக்கத்தில் கயலாக நின்ற எழில், அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பதறிப்போய்ப் புரட்டுகிறாள். புத்தகத்தில் ஏது அந்த வரி! அதற்கப்புறம் அவள் குரல் உடைந்த இடத்தில் எல்லாம் காற்று அடித்தது, கரகரத்த இடத்தில் எல்லாம் அலை மோதியது. கடைசியில் பனிமூட்டத்தில் வஞ்சியம்மா கூவும் இடம் வந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருநூறு பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து "ஏறுங்கடா, ஓடம் போகுது!" என்று கூவினார்கள். வெளியே போய்க்கொண்டிருந்த ஷிப்ட் பஸ்ஸை டிரைவர் நிறுத்தி என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தாராம். தெய்வசிகாமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழுதேனா என்று எழிலிடம் கேட்காதே, அவள் கூட்டிச் சொல்வாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். முத்தாண்டிக்குப்பத்தில் எட்டாவது வரைக்கும் படித்தாள் இல்லையா, "கடைசி பெஞ்சிதான் எங்களுக்கு. அத்தினி வருசத்துல ஒருநாளும் ஒரு வாத்தியாரும் என்ன எழுந்து படின்னு சொன்னதில்ல. இன்னிக்குத்தான் எழுந்து படிச்சேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது மெயின் பஜாரில் அவளோடு நடக்க முடியவில்லை, வஞ்சியம்மா வஞ்சியம்மா என்று சைக்கிளில் போகிற பிள்ளை எல்லாம் கூப்பிடுகிறது, இவளும் எதிர்ப்பக்கம் கேட்கப் பதில் கொடுக்கிறாள். புதன்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய குரல் திரும்பாது, ஆனால் நல்ல பலம் வந்துவிட்டது, என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். "ஓடம் ஓட்டனேங்க" என்றாள். வெள்ளிக்கிழமை அவளே போனை எடுத்து உன் நம்பரை அழுத்தினாள், நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வடக்குத்து கிராமத்தில் உன் ராமசாமி மாமா வீட்டு வாசலில் படிப்பதாக ஏற்பாடு. புயலில் கூரை போன வீட்டுப் பிள்ளைகள் அங்கே நிறைய, இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஏற்பாட்டை எல்லாம் அம்மாதான் போனில் அதட்டி உருட்டிச் செய்தாள். பாய் தூக்கிவருவது என் வேலையாம்.

நீ டபுள் டூட்டி பார்ப்பதாக உன் தோழி எழிலிடம் சொன்னாளாமே, அது வேண்டாம். வெயிலில் வெளியே போனால் தண்ணீர் பாட்டில் இல்லாமல் போகாதே. காலையில் வெறும் டீயோடு ஓடாதே. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது ஊர் நினைப்பில் முகம் வாடியிருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து ஏதாவது கதை சொல், இதில் எனக்கு இப்போது அனுபவம் உண்டு.

கடைசியாக உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அம்மாவிடமும் இதுவரை சொன்னதில்லை. பெல்ட்டின் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்று எனக்குக் காது பாதி போய்விட்டது, மெல்லிய குரலெல்லாம் சரியாக விழுவதில்லை. அம்மாவின் பழைய குரல் இருந்ததே, எவ்வளவு உரக்கப் பேசினாலும் உச்சத்தில் நிற்கிற கம்பி மாதிரிக் குரல், கொஞ்ச காலமாகவே பாதியை வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கரகரத்த குரல் தடிமனாக வந்து நேராகக் காதுக்குள் இறங்குகிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் அவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இப்போது கேட்கிறதம்மா.

நோய்நொடி இல்லாமல், உன் கையால் தேறி எழுகிறவர்களின் வாழ்த்தெல்லாம் உனக்கே வந்து சேர, மகராசியாக இரு. பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது, ஜூன் மாதமே எழுதிப் போட்டுவிடு, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அப்பா
கோ. பாவாடை